சுருதி அண்ணன் ஷெட்டில் பதினோரு வருஷம்

ராயபுரத்தில் ரிப்பேருக்கு விட்ட வண்டி வண்டியாகத் திரும்பி வராத ஒரே ஷெட், சுருதி அண்ணனுடையதுதான். சில வண்டிகள் பாட்டாகத் திரும்பின. சில வண்டிகள் அடுத்தவர் வண்டியாகத் திரும்பின. என் வண்டி பதினோரு வருஷம் திரும்பவே இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பகலில் மெக்கானிக், சாயங்காலம் பேண்டு செட்டில் கிளாரினெட். கல்யாணமோ, மாதா கோயில் தேரோ, ஆடி மாதத்துக் கூழோ, சாவோ, எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் அந்த பேண்டு செட்தான் வரும். முன்னால் அவர் ஊதிக்கொண்டு நடப்பார். ஸ்டேஷன் பக்கத்தில் அந்தக் கிளாரினெட் கேட்டால் காசிமேட்டில் வலைக்குத் தையல் போடுகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சுருதி வந்துகினு கீறாரு" என்பார்கள். அப்புறம்தான் என்ன விசேஷம் என்று விசாரிப்பார்கள்.

இரண்டு தொழிலையும் தனித்தனியாகச் செய்திருந்தால் ஊருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எஞ்சினும் ஊதுகிற வாத்தியம்தான் என்பது அவர் கட்சி. எந்த வண்டி வந்தாலும் ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். கிளாரினெட்டில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துவார். கண்ணை மூடி இரண்டையும் சேர்த்துக் கேட்பார். பிறகு பல்லில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி முகத்தைச் சுளித்து, "கொஞ்சம் இறங்கி கீது" என்பார். எது இறங்கியிருக்கிறது என்று வண்டிக்காரருக்கு விளங்காது. காற்றா, ஆயிலா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர், பிரேக் பிடிக்கவில்லை என்று ஸ்கூட்டரைக் கொண்டுவந்து விட்டார். நாலு நாள் கழித்து வாங்க வந்தபோது அண்ணன் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். தம்பூரா மீட்டியது போல எஞ்சின் நின்று பாடியது. கிரேன்காரரே சொக்கிப்போனார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்து பிரேக்கைப் பற்றிக் கேட்டார்.

"பிரேக்குதான் சத்தமே போடலியே நைனா. அத எதுக்கு தொடணும்?" என்றார் அண்ணன்.

கிரேன்காரர் அன்று செல்வி அக்காவின் தள்ளுவண்டியில் மோதித்தான் ஸ்கூட்டரை நிறுத்தினார். செல்வி அக்கா ஷெட்டுக்கு எதிரில் மீன் வறுத்து விற்பவர். அன்றிலிருந்து ஷெட்டை விட்டு எந்த வண்டி வெளியே வந்தாலும் முதலில் எண்ணெய்ச் சட்டியை இறக்கிக் கீழே வைத்துவிடுவார்.

அண்ணனுடைய சொந்த வண்டி ஒரு மீன்பாடி வண்டி. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பலகைத் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஓட்டுகிறவர். மீன் கூடை ஏற்றுவதற்கென்று எங்கள் ஊர்க்காரர்கள் பழைய எஞ்சினை மாட்டித் தாங்களாகவே செய்துகொண்ட வாகனம். அண்ணனுடையதில் எஞ்சின் ஒரு ஸ்கூட்டருடையது. ஹேண்டில் ஒரு மோட்டார் சைக்கிளுடையது. விளக்கு, எண்ணூரில் பிரித்துப் போட்ட ஒரு லாரியுடையது. ஹாரன் எதனுடையது என்று அவருக்கே தெரியாது. எல்லாமே ஐம்பது வருஷத்துக்குக் குறையாத சாமான். வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறிவிடும் என்பதால், மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் அதை அவர் ஓட்டியதே கிடையாது.

தெற்கே ஒரு பழைய வண்டிச் சங்கம் வருஷா வருஷம் ஊர்வலம் நடத்துகிறது. அதற்கு இரண்டு தடவை மனுப் போட்டார். தயாரித்த ஆண்டு என்ற கட்டத்தில் ஏழு ஆண்டுகளை எழுதி, கீழே 'மற்றவை பின்னர்' என்றும் எழுதினார். இரண்டு தடவையும் மனு திரும்பி வந்தது. இரண்டு தடவையும் முன்கூட்டியே தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்ததால் தெருவே சிரித்தது. நம் வண்டியை நம் ஜனமே நின்று பார்ப்பதில்லை, அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இறந்த பிறகு, அவருடைய சைக்கிளில் பெல் அடிக்கவில்லை என்று ஷெட்டில் விட்டேன். கம்பி பிரேக் போட்ட கறுப்பு சைக்கிள். உப்புக் காற்றில் பெல் மூடி அரித்துப்போயிருந்தது. வேறு மூடி மாட்டினால் ஐந்து நிமிஷ வேலை. அண்ணன் என்னை முக்காலியில் உட்காரவைத்து, "அப்பா பெல்லு எப்டி அடிக்கும், பாடிக் காட்டு" என்றார்.

நான் பாடுவதற்கு எங்கள் வீட்டு மிக்ஸி எவ்வளவோ மேல். இருந்தாலும் 'கிணிங்' என்று ஏதோ முனகிவைத்தேன். அந்தச் சுருதியில் மூடி தேடிப் பெரம்பூர் வரைக்கும் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார். மூன்று மாதம் கழித்து ஒன்றைக் கொண்டுவந்து அடித்துக் காட்டினார். இது இல்லை என்று தோன்றியது. மறுபடி பாடச் சொன்னார். பாடினேன். போன தடவை பாடியது இது இல்லையே என்றார். எனக்கும் எது சரி என்று பிடிபடவில்லை. இப்படி அவர் மூடி தேட, நான் தப்பாகப் பாட, எங்கள் இரண்டு பேருக்கும் நரைத்துவிட்டது.

போன வருஷம் ஒருநாள் ஆபீஸில் வாங்கிய திட்டோடு ஷெட்டுக்குப் போனேன். நான் துறைமுகத்து ஏற்றுமதிச் சரக்குகளுக்குக் காகிதம் பார்க்கும் குமாஸ்தா. கன்டெய்னர் சிக்கிக்கொண்டால் முதலில் சிக்குவது நான்தான். அன்று அண்ணன் புதிதாக ஒரு மூடியோடு காத்திருந்தார். வழக்கம்போல் பாடச் சொன்னார். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"சைக்கிளும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க செத்தாக்கூட இந்த ஷெட்டுக்கு வரமாட்டேன்" என்று கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப கத்துனியே, அந்த சுருதியா?" என்று சந்தேகம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து, இனி இங்கே அந்த ஆள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் முடிகிற நேரத்தில் செல்வி அக்காவிடமிருந்து போன்.

"சுருதி பூட்டாருப்பா, தம்பி" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அவர் விம்மலுக்கு நடுவே சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். பேண்டு செட் வந்திருக்கிறது. பாட்டு அழுதுகொண்டே நகர்கிறது. பின்னால் பூ வளைவு கட்டிய மீன்பாடி வண்டி. தட்டின் மேல் நீளமாக ஏதோ கிடத்தி வெள்ளை வேட்டி போர்த்தியிருக்கிறது. அதற்குப் பின்னால் பழைய சைக்கிள்களில் முப்பது நாற்பது பேர், மெல்லப் போக முடியாமல் காலை ஊன்றி ஊன்றி வருகிறார்கள். யார் என்று கேட்டால், டிரம்பெட்காரர்கள் வாயை எடுக்க முடியாமல் கண்ணால் வண்டியைக் காட்டினார்களாம்.

இதெல்லாம்கூடத் தெருவைக் கலக்கவில்லை. கலக்கியது, கிளாரினெட் இல்லாததுதான். இத்தனை வருஷத்தில் கிளாரினெட் இல்லாமல் அந்த பேண்டு செட் தெருவைத் தாண்டியதில்லை. பெற்ற தாய் போனபோதும் அவர்தான் முன்னால் ஊதிக்கொண்டு போனார். அவர் ஊத முடியாத சாவு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஜனம் அரை நிமிஷத்தில் அதைப் புரிந்துகொண்டது.

கடைகளில் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். பூக்காரம்மா கையில் இருந்த உதிரிப்பூவை எல்லாம் வாரி வீசினார். பேனர் கடைக்காரர் கண்ணீர் அஞ்சலிக்கு அண்ணன் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் என்ன போடுவது என்று தெருவெல்லாம் போன் பண்ணினார். எனக்கும் பண்ணினார். தெரியாது என்று சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருஷம் சண்டை போட்ட மனிதனின் பெயரைக்கூடக் கேட்டதில்லையே.

மாலை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். செத்தால்கூட வரமாட்டேன் என்று சொன்னது நான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் போய் நின்றதும் நான். வெள்ளை வேட்டியின் மேல் மாலையைப் போட்டேன். மன்னிப்புக் கேட்பதாக நினைத்து, தலை மாதிரி புடைத்திருந்த இடத்தில் கையை வைத்து அழுத்தினேன்.

கிணிங்.

ஊர்வலம் நின்றது. பிணத்துக்குள்ளிருந்து சைக்கிள் பெல் அடித்தால் யாராக இருந்தாலும் நிற்கத்தான் செய்வார்கள். செல்வி அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எனக்கு நகரத் தோன்றவில்லை. அது என் அப்பா தெரு முனையில் திரும்பும்போது அடிக்கிற பெல். பதினோரு வருஷமாக என் தொண்டையில் வராத அதே சுருதி. யாருக்காக அழுதுகொண்டிருந்தேன் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

பூ வளைவுக்குப் பின்னால், காதை மூடிய தோல் தொப்பியும் முகத்தில் பாதியை மூடிய கண்ணாடியுமாக வண்டியை ஓட்டிவந்தவர் எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடியைத் தூக்கினார். அழுது அழுது சிவந்திருந்தது அவர் கண்.

"உன் வூட்டு வாசல்ல வேட்டிய எடுக்கலாம்னு வெச்சிருந்தேன் தம்பி. அதுக்குள்ள அடிச்சிட்டியே" என்றார் சுருதி அண்ணன்.

சங்கம் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன, தாமே ஒரு பழைய வண்டி ஊர்வலம் நடத்திச் சைக்கிளை என் வீட்டில் சேர்ப்பது என்று முடிவு பண்ணியிருக்கிறார். முன்பு இரண்டு தடவை சொல்லிவைத்துத்தான் தெரு சிரிப்பாய்ச் சிரித்தது என்பதால், இந்தத் தடவை பேண்டு செட்டையும் சைக்கிள்காரர்களையும் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. தாமே ஓட்டியதால் கிளாரினெட் இல்லை. வண்டி வேகத்துக்கு இழுத்து இழுத்து வாசித்ததில் கல்யாணப் பாட்டு ஒப்பாரியாகிவிட்டது. ஜனம் எழுந்து நின்றதையும், கை கூப்பியதையும், பூ வீசியதையும் பார்த்து, கடைசியில் நம் ஆட்களுக்குப் பழைய வண்டியின் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்து, கண்ணாடிக்குள் அழுதுகொண்டே ஓட்டி வந்திருக்கிறார்.

செல்வி அக்கா அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதே தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு மெல்ல விஷயம் இறங்கியது. பாதி இறக்கிய ஷட்டர்களைப் பார்த்தார். என் மாலையைப் பார்த்தார்.

"அப்போ நீங்கோ யாரும் வண்டிய பாக்க வர்லியா?" என்றார்.

 எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"உன் வண்டிய எவன்யா பாத்தான்" என்றார் செல்வி அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அடுப்புல எண்ணெய வுட்டுட்டு உன்னப் பாக்கத்தான்யா ஓடியாந்தோம்."

அண்ணன் அந்தக் கண்ணாடியை இறக்கி மறுபடி கண்ணை மறைத்துக்கொண்டார். பிறகு, வேகம் கூட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு ஹேண்டிலை என்னிடம் கொடுத்தார். கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். அதே பாட்டுதான், அதே நடைதான். கிளாரினெட் சேர்ந்ததும் அது கல்யாணப் பாட்டாகிவிட்டது. சாவுக்கு வந்த கூட்டம் முழுவதும் என் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அந்தச் சண்டைக்குப் பிறகு, நான் ஆபீஸில் இருந்த ஒருநாள் அண்ணன் வந்து, பெல் எப்படி அடிக்கும் என்று அவளிடம் கேட்டாராம். அம்மா ஒரே தடவை 'கிணிங்' என்று முனகிக் காட்டினாளாம். அந்தப் பெல் கேட்டுத்தானே அவள் தினமும் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைப்பாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பேச்சை எடுக்கக்கூடாது என்று நீதானே சொன்னாய் என்றாள்.

சைக்கிள் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பெல் கணீரென்று அடிக்கிறது. ஒரு குறையும் இல்லை. அதனால் ஷெட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. போன வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் பெல் மூடியின் திருகை நானே ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

அண்ணன் அடித்துப் பார்த்தார். திருகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாளாவுமே நைனா" என்றார்.

"ஆகட்டும் அண்ணே, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.