டொரீன் பக்கத்து வண்டியில் படம் பார்க்கிறாள்

அன்புத் தங்கை பெவர்லிக்கு,

அண்ணன் ரெக்ஸ் எழுதுவது. இங்கே நானும் தூசியும் சௌக்கியம். அடிலெய்டில் நீயும், மாப்பிள்ளை கிரஹாமும், அவருடைய முழங்காலும், கொல்லையில் இருக்கும் எலுமிச்சை மரமும் நலமாக இருக்கவேண்டும் என்பதே என் விருப்பம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பழக்கம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான் அங்கே வந்துவிடுகிறேன். பின்னறையில் எனக்குக் கட்டிலை விரித்து வை. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே. உன் அண்ணி டொரீன் வரவில்லை. அவள் ஏன் வரவில்லை என்பதுதான் கதை.

ஓபல் கல் தோண்டுகிற இந்த ஊரில் எங்களுக்கு இருக்கும் ஒரே சந்தோஷம், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டர் என்பது உனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை படம். முதுகுவலி வந்து சுரங்கத்தை விட்டதிலிருந்து அங்கே ஆபரேட்டர் நான்தான், சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு, இருந்தது என்று சொல்லவேண்டும். படம் வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கும், அன்றைக்கே நான் தனியாக உட்கார்ந்து முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுவேன், எங்கேயாவது சத்தம் நின்றால் சனிக்கிழமை ஊரே என்னைத் தின்றுவிடும் அல்லவா? பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் டொரீனுக்குக் கதை முழுவதும் சொல்லிவிடுவேன். யார் சாகிறார்கள், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் சிரிக்கவேண்டும், எந்த இடத்தில் கைக்குட்டையை எடுக்கவேண்டும், எல்லாம். எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு இவ்வளவு செய்கிறான், நீயே சொல். சனிக்கிழமை நான் ஆபரேட்டர் ரூமில் இருப்பேன், அவள் எங்கள் பழைய காரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கார் ரேடியோவில் வரும் படத்தின் வசனத்தைக் கேட்டுக்கொண்டு, இரண்டாவது வரிசையில் தனியாகப் பார்ப்பாள். வீட்டுக்குத் திரும்பும்போது நான் என் கருத்தைச் சொல்வேன், அவள் "ம்" என்பாள். அந்த "ம்"மிலேயே எங்கள் குடும்பம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

இதில் மண்ணைப் போட வந்தவன் மிர்கோ. ஊரின் அந்தக் கோடியில் சுரங்கம் தோண்டுகிற குரோவேஷியாக்காரன், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், நல்ல உயரம், தலைமுடி ஒன்றுகூடக் கொட்டவில்லை, குரல் வேறு பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் தன் பிக்-அப் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இடமா இல்லை அங்கே? பாலைவனம் பெவர்லி, பாலைவனம்! அடிவானம்வரை இடம் கிடக்கிறது. அவன் கண்ணுக்கு என் கார் ஓரம்தான் தெரிந்திருக்கிறது.

முதலில் நான் கவனிக்கவில்லை. அன்றைக்குக் கலங்கரை விளக்கக் காவலாளியின் மனைவி, கடலில் போன மகனுக்காகக் காத்திருக்கிற படம். ரொம்ப கனமான படம், பேச்சு குறைவு, காற்று அதிகம். இடைவேளையில் சிப்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேரும். டொரீன் சொல்கிறாள்:

"அந்த அம்மா அழாம நின்னாளே, அதுதான் மிர்கோ என்னை அழவச்சிருச்சு. அழுதிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆமா, ஆமா. எங்கம்மாவும் அப்படித்தான்" என்கிறான் அவன், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு.

என் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்துவிட்டது. டொரீனுக்குக் கருத்து இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! வீட்டுக்குப் போகும் வழியில், சரி, நமக்கும் ஒன்று கிடைக்கும் என்று ஆசையாகக் கேட்டேன்.

"படம் எப்படி இருந்துது டொரீன்?"

"நல்லாருந்துது."

"அவ்ளோதானா?"

"ஏன், நீதான் வியாழக்கிழமையே சொல்லிட்டியே."

அவனுக்கு வாக்கியம் வாக்கியமாக, எனக்கு ஒரே ஒரு "நல்லாருந்துது". எனக்கு என்ன குறைச்சல் என்று பாறையைக் குடைந்த எங்கள் வீட்டின் கூரையை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

தியேட்டர் கமிட்டியில் படம் தேர்ந்தெடுக்கிறவனும் நான்தானே, விடுவேனா? சோகப் படம் போட்டால்தான் ஒட்டிக்கொள்கிறார்கள், அடுத்ததாகச் சிரிப்புப் படம் போடலாம், அந்த ஆளுக்கு நம்ம ஊர் நகைச்சுவை பிடிபடாது, திருதிருவென்று முழிப்பான் என்று கணக்குப் போட்டேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கோட்டை ஒட்டகம் தின்றுவிடுகிற படம். அவன் சிரித்த சிரிப்பில் பிக்-அப் வண்டி குலுங்கியது. போகட்டும். டொரீன் சிரித்தாள் பெவர்லி. ஆபரேட்டர் ரூம்வரை கேட்டது. அந்த ஒட்டகக் கதையை நான் வியாழக்கிழமை நடித்தே காட்டியிருந்தேன், ஒட்டகமாகவும் நானே, மாப்பிள்ளையாகவும் நானே. அப்போது "உருளைக்கிழங்கு ஆறிப்போகுது ரெக்ஸ்" என்றாள். அவ்வளவுதான்.

சரி, யாருக்குமே பிடிக்காத படம் போட்டுவிடுகிறேன் என்று பனிப்பிரதேசத்துப் பாசியைப் பற்றி ஒரு படம் தருவித்தேன். அசல் அறுவை. கதாநாயகனே பாசிதான். இடைவேளைக்குள் ஊரே கிளம்பிப் போய்விட்டது, கமிட்டித் தலைவி ஆல்த்தியா அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. மிச்சம் நின்றது இரண்டே வண்டிகள். எவை என்று சொல்லவும் வேண்டுமா? பொறுமையைப் பற்றி அந்தப் படம் என்ன சொல்கிறது என்று ஜன்னலோடு ஜன்னல் பேசிக்கொண்டே இருந்தார்கள். நானோ மேலே, பாசியை ஓட்டிக்கொண்டு.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குக் கொலைப் படம். இடைவேளையில் வழக்கம்போல நான்தான் மைக்கில் ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்த சீட்டுக் குலுக்கலில் யாருக்குப் பரிசு என்று அறிவித்தேன், அது எல்லார் கார் ரேடியோவிலும் கேட்கும். மைக்கைச் சட்டையில் மாட்டியபடியே மறுபாதியை ஓட்டிவிட்டேன். அரை மணி நேரம் போயிருக்கும், சுவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிறேன், எங்கள் கார் கதவு திறக்கிறது, டொரீன் இறங்குகிறாள், போர்வையைச் சுருட்டி இடுக்கிக்கொள்கிறாள், நேராக மிர்கோ வண்டிக்குப் போய் முன்சீட்டில் ஏறி, கதவையும் சாத்திக்கொள்கிறாள்!

என் கை தானாகப் போய்ப் படத்தை நிறுத்திவிட்டது. திரை வெள்ளையாகிவிட்டது. அத்தனை வண்டிகளும் ஹாரனை அழுத்தத் தொடங்கின. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடினேன், யாருடைய நாற்காலியிலோ தடுக்கி விழுந்தேன், எழுந்தேன், மிர்கோ ஜன்னலில் வெளிச்சத்தை அடித்தேன்.

"என்ன நடக்குது இங்க?"

"படம் நடந்துக்கிட்டிருந்துது" என்றாள் டொரீன். "நீ ஏன் நிறுத்தின?"

"நீ ஏன் வண்டி மாறுன?"

"பாட்டரி செத்துப்போச்சு. ரேடியோ ஓடல, வசனம் கேக்கல. புது பாட்டரி போடுறேன், போடுறேன்னு நீ எப்பலேந்து சொல்லிட்டிருக்க?"

"ரெக்ஸ், சண்டைய அப்புறம் வச்சுக்க" என்று மிர்கோ கையைக் கூப்பினான். "கொலை பண்ணது யாருன்னு தெரியாம எனக்கு உசுரு போகுது. போய்ப் படத்தப் போடுப்பா."

"உன்கிட்ட நான் பேசல! டொரீன், எனக்கு ஒரு வார்த்தைக்கு மேல சொல்ல மாட்ட, இவன்கிட்ட மட்டும் எங்கேந்து வருது அவ்ளோ பேச்சு?"

அவள் போர்வையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவர் கேக்குறாரு ரெக்ஸ். 'நீங்க என்ன நெனைக்கிறீங்க டொரீன்?'னு கேக்குறாரு. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு காத்திருக்காரு. நீ என்னைக்காவது கேட்டிருக்கியா? இத்தனை வருஷத்துல ஒரு படத்த, ஒரே ஒரு படத்த, முடிவு தெரியாம நான் பாத்திருக்கேனா? கறியோட சேத்து முடிவையும் பரிமாறிடுற. அப்புறம் சனிக்கிழமை திரையப் பாத்து நான் என்ன பண்ண? முடிவு தெரியாத இந்த மனுஷன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கேன்."

உடனே ஊர் முழுக்க ஹாரன். இந்த முறை கோபமாக இல்லை, தாளம் போட்டு அடித்தார்கள். யாரோ ஹெட்லைட்டை வேறு சிமிட்டினார்கள். எனக்குப் புரியவில்லை. மிர்கோ வண்டி ரேடியோவிலிருந்து என் மூச்சிரைப்பே எனக்குத் திரும்பக் கேட்டது, அப்போதும் புரியவில்லை. அவன் மூஞ்சியையா, என் பெண்டாட்டி, மணிக்கணக்காகவா என்று மண்டைக்குள் அது ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"முடிவுதானே தெரியணும் உனக்கு?" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். "கொலை பண்ணது அந்தப் பல் டாக்டர்! மயக்க ஊசில விஷம்! போதுமா?"

ஹாரன் நின்றுவிட்டது. மிர்கோ மெதுவாகக் கையை நீட்டி என் சட்டையில் இருந்த மைக்கைத் தொட்டுக் காட்டினான். பிறகு எழுந்த சத்தத்தை நீ அடிலெய்டிலேயே கேட்டிருப்பாய். ஆல்த்தியா அம்மாள் ஓடிவந்து, "பாசிய மன்னிச்சேன், இத மன்னிக்க மாட்டேன்" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இன்னும் கேள். அன்றைக்கு நாங்கள் வீடு போய்ச் சேர எங்கள் காருக்குத் தன் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டது யார்? அவன்தான். "பல் டாக்டரா? நான் தோட்டக்காரன்னுல்ல நெனைச்சேன்" என்று வருத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒயரைக் கழற்றினான். ஒரு வசவாவது வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்.

மறுநாளிலிருந்து என்னால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ரொட்டி வாங்கப் போனால், "சனிக்கிழமை படம் பிரமாதம் ரெக்ஸ், நீ வந்தப்புறம்தான் சூடு பிடிச்சுது" என்கிறார்கள். பெட்ரோல் போடப் போனால், "டொரீன் நடிப்பு அபாரம்" என்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் கருத்து இருக்கிறது, எனக்கு வேண்டிய ஒருத்தியின் கருத்து மட்டும் என் காதுக்கு வரவில்லை. வீட்டில் அவள் உப்பு எங்கே, துண்டு எங்கே என்பதோடு சரி. உண்மையைச் சொன்னால் தங்கச்சி, எனக்குப் பொறாமை. மிர்கோவின் முடி மேலோ உயரத்தின் மேலோ இல்லை. அந்தச் சிப்ஸ் வரிசையில் அவள் சொன்னாளே ஒரு வாக்கியம், அது என்னிடம் சொல்லப்பட்டிருக்கவேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை பஸ்.

கிரஹாமுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். பிள்ளைகள் இருவரும் நன்றாக இருக்கட்டும், உன் எலுமிச்சை மரம் கிளைகொள்ளாமல் காய்க்கட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வரவேண்டாம், வந்தாலும் தப்பில்லை.

மனம் நொந்த உன் அண்ணன்,
ரெக்ஸ்

பின்குறிப்பு: தபால்தலை எடுக்க உள்ளே போய்விட்டு வந்தால், டொரீன் சமையல் மேசையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதிக்கிறது, எழுந்து பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைக்கும்வரை நான் கதவோரமாகவே நின்றேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "நீ என்ன நெனைக்கிற டொரீன்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

"ஆரம்பம் அறுவை" என்றாள். "எலுமிச்சை மரம் யாருக்கு வேணும்? ஒட்டகம் வந்தப்புறம் விறுவிறுன்னு போகுது. மிர்கோவ இவ்ளோ அழகா எழுதிருக்கக் கூடாது, அந்த மனுஷனுக்கு முன்பல்லு ரெண்டு கெடையாது. கதாநாயகனுக்கு மூளை ரொம்ப கம்மி. ஆனா சிப்ஸ் வாங்குற எடம் இருக்கே..." என்று நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் பேசினாள் பெவர்லி, பேசிக்கொண்டே இருந்தாள், உருளைக்கிழங்கு அடிப்பிடித்துக் கருகியது, நான் அசையவில்லை. கடைசியில், "சரி, இந்த ஆளு வெள்ளிக்கிழமை பஸ் ஏறுறானா, இல்லையா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எட்டி என் வாயைப் பொத்திவிட்டாள்.

"சொல்லாத. நானே பாத்துக்கிறேன்."

கட்டிலை விரிக்கவேண்டாம்.