முந்நூறாம் நாள் கட்டைவிரல்

எல்லப்பனின் இடது கால் கட்டைவிரல் பழுத்த தக்காளிபோல வீங்கியிருந்ததை சூப்பர்வைசர் நரசிம்மன் பார்த்தபோது மணி பத்தேகால். எம்.டி. வருவதற்கு இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது.

பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு, எல்லப்பன் விரலை ஊதிக்கொண்டிருந்தான். நகத்தோரம் ரத்தம். காலடியில் ‘டை’ என்று எல்லோரும் சொல்லும் ஐந்து கிலோ இரும்பு அச்சு கிடந்தது.

"போச்சு!" நரசிம்மன் தலையில் கை வைத்தார்.

விரலை நினைத்து வருந்தினார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் பார்வை கேட்டருகே இருந்த பலகைக்குப் போயிருந்தது. ‘விபத்தில்லாத நாட்கள்: 300.’ வாட்ச்மேன் அன்று காலையில்தான் புது எண்ணை மாட்டியிருந்தார். முந்நூறு முடிந்தால் நூற்று நாற்பது தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு பிரஷர் குக்கர். நரசிம்மனுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் பதவி. பதினொரு வருஷமாகக் கிடைக்காத பதவி. 1991 ஆவணியில் கிடைத்தே தீரும் என்று குன்றத்தூரில் இருக்கும் மாமனாரிடம் சொல்லியும் ஆயிற்று.

"சார், இது வந்து..." என்றான் எல்லப்பன்.

"வாயத் தொறக்காத. தொறந்தா அது ஸ்டேட்மென்ட் ஆயிடும்."

பர்சனல் ஆபீசர் ராஜாமணியின் மேஜையில் தலைமை அலுவலகம் அனுப்பிய பாதுகாப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. அதுவரை அது தண்ணீர் டம்ளரை மூட உதவிக்கொண்டிருந்தது. நரசிம்மன் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும், ராஜாமணி ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிரித்தார்.

"பயப்படாதீங்க. ஆக்சிடென்ட் வேற, இன்சிடென்ட் வேற. பலகையில ஆக்சிடென்ட்டைத்தான் எண்ணுறோம்."

"ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?" என்றார் நரசிம்மன்.

"ஏதோ ஒண்ணு ஏடாகூடமா நடந்து ஆளுக்கு அடிபட்டா ஆக்சிடென்ட். அடிபடாம தப்பிச்சா இன்சிடென்ட். லாரி உங்க மேல ஏறினா ஆக்சிடென்ட். உரசாமப் போச்சுன்னா இன்சிடென்ட்."

"ஏறிச்சு, ஆனா வலிக்கலன்னு நான் சொல்லிட்டா?"

ராஜாமணி இரண்டு பக்கம் புரட்டினார். "அதுக்கு இதுல இடம் இருக்கிற மாதிரிதான் தெரியுது."

டீ வைக்க வந்த கேன்டீன் லூர்தம்மாள் நின்று கேட்டாள். "பாலு பொங்கி அடுப்புல ஊத்துனா இன்சிடென்ட்டு, என் கையில ஊத்துனா ஆக்சிடென்ட்டு. இதுக்கு இம்மாம் பெரிய புக்கு எதுக்கு சார்?"

"லூர்தம்மா, டீயை வச்சுட்டுக் கிளம்பு."

ஆக, எல்லப்பனுக்கு அடிபடவில்லை என்று முடிவாயிற்று. விரலுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை.

முதலுதவிப் பெட்டியை எடுத்து நரசிம்மனே கட்டுப் போட்டார். கட்டுப் போட்டால் காயத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார் ராஜாமணி. அவிழ்த்தார்கள். ஷூவை மாட்டப் பார்த்தார்கள். விரல் உள்ளே போக மறுத்தது. ஷூ இல்லாமல் பிரஸ் ஷாப்பில் நிற்பது விதிமீறல். கடைசியில் நரசிம்மன் தன் பத்தாம் நம்பர் ஷூவைக் கழற்றி எல்லப்பனுக்குக் கொடுத்தார். தனக்கு, கழிவறை வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டார்.

"நட, பாக்கலாம்."

எல்லப்பன் நடந்தான்.

"நொண்டாதய்யா!"

"நான் நொண்டல சார். உங்க ஷூதான் கழண்டுக்கினே போவுது."

"அப்ப நடக்கவே நடக்காத. உக்காரு."

ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். ஹார்லிக்ஸ் வந்தது. ஒன்பது வருஷ சர்வீஸில் எல்லப்பன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தது அன்றுதான். அதன் பிறகு அவன் எதையும் சொல்ல முயலவில்லை.

"இன்னொண்ணு," என்றார் ராஜாமணி. "இன்சிடென்ட்டுன்னாலும் ரிப்போர்ட் எழுதணும்."

எழுதினார்கள். ‘டை மேஜையிலிருந்து நழுவியது. தொழிலாளி எல்லப்பன் மின்னல் வேகத்தில் காலை இழுத்துக்கொண்டார்.’ மின்னல் நரசிம்மன் சேர்த்தது.

பன்னிரண்டு மணிக்கு எம்.டி. வந்தார். பின்னாலேயே குக்கர் ஏற்றிய வேன். தொழிலாளர்கள் கூடினார்கள். மாலை, பூங்கொத்து, கைதட்டல் எல்லாம் முடிந்ததும் எம்.டி. அந்த ரிப்போர்ட்டைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"சபாஷ்! இதைத்தான் எல்லாரும் கத்துக்கணும். எப்படி நழுவுச்சு, எப்படிக் காலை இழுத்தீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க, எல்லப்பன்."

எல்லப்பன் ஹார்லிக்ஸ் டம்ளரோடு நரசிம்மனைப் பார்த்தான். நூற்று நாற்பது பேர் குக்கரைப் பார்த்தார்கள்.

"சார், அவரு கூச்ச சுபாவம்," என்று நரசிம்மன் முன்னால் பாய்ந்தார். "நானே செஞ்சு காட்டறேன்."

டையை மேஜை விளிம்புக்குத் தள்ளினார். "இப்படி நழுவுச்சு சார். உடனே இப்படி..."

காலைத்தான் இழுத்தார். தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் ரப்பர் செருப்பு வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. டை தன் பங்கை ஒரு குறையும் வைக்காமல் செய்தது.

அவர் போட்ட சத்தத்தில் மதிலுக்கு வெளியே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம்.

எம்.டி. குனிந்து பார்த்தார். "மிஸ்டர் ராஜாமணி, இதுக்கு என்ன பேர்?"

இந்த முறை ராஜாமணிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நேராகப் போய்ப் பலகையிலிருந்த மூன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலும் ஒரு சைபரை மாட்டினார்.

இறக்கிய குக்கர்கள் மறுபடியும் வேனில் ஏறின. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இல்லாததால், அவற்றுக்கு நடுவே நரசிம்மனையும் படுக்க வைத்தார்கள். வழியனுப்ப நின்றவர்கள் குக்கர்களைத்தான் வழியனுப்பினார்கள்.

கேட்டைத் திறக்க வேன் நின்றது. வாசலில் ஒரு பெண் பச்சிலைப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த எல்லப்பனின் மனைவி பாஞ்சாலி.

"ஐயோ, இன்னா சார் ஆச்சு உங்களுக்கு?"

"எல்லாம் உன் புருஷனாலதாம்மா," என்று முனகினார் நரசிம்மன். "அந்த ஆளு மெஷினாண்ட வெரல நசுக்கிக்கப் போயித்தான், என் பதவியும் போச்சு, காலும் போச்சு."

பாஞ்சாலி பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மெஷினாண்ட இல்ல சார், காத்தால வூட்ல அம்மிக் கொழவி வுழுந்து நசுங்குச்சு, பச்சில அரைச்சுப் பத்து போட்டுக்கினு போன்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேக்கல, ஏன் சார், இம்மாம் பேரு இருந்துகினு ஒருத்தர்கூடவா அந்தாளாண்ட இன்னாச்சுன்னு கேக்கல?"