இருபத்திரண்டு பட்டங்களும் ஒரு மூச்சும்

கருங்குன்ற நாட்டுக்கும் செம்மண் நாட்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஏரி இருந்தது. அதன் தண்ணீருக்காக இரண்டு நாட்டு முன்னோர்களும் பலமுறை வெட்டிக்கொண்டு செத்தார்கள். கடைசியில் யாருக்கோ அலுத்துப்போய், ஆண்டுக்கொரு சடுகுடு ஆட்டம் நடக்கட்டும், ஜெயிக்கிற நாட்டுக்கு அந்த வருடத் தண்ணீர் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஆட்டம் சமமாக முடிந்தால் மதகைத் திறக்கக் கூடாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அப்படி ஒருமுறையும் முடிந்ததில்லை என்பதால் அந்த வரியை யாரும் படிக்கவில்லை.

கருங்குன்றம் தொடர்ந்து ஆறு வருடம் ஜெயித்தது. பாடிப் போகிறவன் மாசாணம். கோட்டைத் தாண்டி, ‘சடுகுடு சடுகுடு’ என்று ஒரே மூச்சில் சொல்லியபடி எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்; அந்தப் பக்கமே மூச்சு விட்டால் ஆள் காலி. ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் மாசாணத்துக்கு ஒன்றரைக் காணி நிலம் இருந்தது. அதனால் அவன் ஒருநாளும் விளையாட்டுக்கு விளையாடியதில்லை.

ஆறாவது வெற்றியன்று ஜனங்கள் மாசாணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மன்னர் வீரகண்டரின் யானை பின்னால் தனியாக வந்தது. அதற்கும் பின்னால், சாணத்தை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார் பயிற்சி கொடுக்கும் ஆசான் பூவராகர்.

மறுநாள் சபை கூடியது.

“அணி யாருடையது?” என்றார் மன்னர்.

“தங்களுடையது,” என்றார் அமைச்சர்.

“பிறகு அவன் எதற்குச் சடுகுடு சடுகுடு என்கிறான்? யார் அந்தச் சடுகுடு?”

சபையில் யாருக்கும் தெரியவில்லை. எனவே, ஆட்டத்தில் இனி மன்னரின் இருபத்தொரு பட்டங்களையே சொல்ல வேண்டும் என்று சட்டம் பிறந்தது.

ஆசான் எழுந்தார். “மன்னிக்க வேண்டும். இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு ஓட மனித நுரையீரலால் முடியாது.”

“இருபத்திரண்டாவதாக உம்முடைய பெயரையும் சேர்த்தால்?”

ஆசான் சற்று யோசித்தார். “பயிற்சி கொடுத்தால் முடியும்,” என்றார்.

மாசாணம் அவரிடம் போய் நின்றான். “ஆசானே, மன்னரை வாழ்த்த மாட்டேன்னு சொல்லல. ஜெயிச்சிட்டு வந்து நாள் முழுக்க வாழ்த்துறேன். ஆளைத் தொடுறதுக்கு மூச்சு வேணும்ல?”

“மூச்சு உன் சொந்த விவகாரம். பட்டம் அரசு விவகாரம்,” என்றார் ஆசான்.

அடுத்த சட்டம், ஒவ்வொரு பட்டத்துக்கும் குடிமக்கள் எழுந்து கைதட்ட வேண்டும் என்றது. நாற்றங்கால் விடுகிற மாதத்தில் ஊர்ஊராக ஆட்களைக் கூட்டி ஒத்திகை நடத்தினார்கள். பிந்தித் தட்டியவர்கள் முதலிலிருந்து தட்டினார்கள். பாதி வயல் விதை காணாமலே கிடந்தது.

ஆட்டத்தன்று பதினேழாவது பட்டத்தில் மாசாணத்துக்கு மூச்சு அறுந்தது. எதிராளி தவசியின் தோளுக்கும் அவன் கைக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அந்த ஒரு சாணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தண்ணீர் செம்மண் நாட்டுக்குப் போயிற்று.

விசாரணைக் குழு, பட்டங்கள் நீளமில்லை, மூச்சுதான் குட்டை என்று கண்டுபிடித்தது. மாசாணத்தை விலக்கிவிட்டு மன்னரின் மைத்துனரை இறக்கினார்கள். அவர் விவரமானவர். அடுத்த வருடம் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, நிதானமாக மூச்சு வாங்கி, இருபத்திரண்டு பட்டங்களையும் பிசகாமல் சொன்னார். யாரையும் தொடவில்லை. தோற்றார்கள். உச்சரிப்பில் நாமே முதலிடம் என்று அமைச்சர் அறிவித்தார்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்த செம்மண் மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. “நம்மவர்கள் என்னை ஒருநாளாவது இப்படிச் சொன்னார்களா?” என்றார்.

அதற்கடுத்த வருடம் தவசியையும் காணோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மைத்துனர், அந்தப் பக்கம் ஒரு மைத்துனர். பொழுது சாயும்வரை பட்டங்களைச் சொன்னார்கள். ஆட்டம் சமம். ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியை முதல்முறையாகப் படித்தார்கள். மதகைத் திறக்கவில்லை.

ஏரி நிரம்பிக் கரையை முட்டியது. இரண்டு நாட்டு நாற்றும் கருகியது. மன்னர்கள் இருவரும் வந்து பார்த்துப் பூரித்துப் போனார்கள். இவ்வளவு தண்ணீரை எந்தக் காலத்திலும் கண்டதில்லையாம். ‘ஏரி வற்றாமல் காத்தவர்’ என்று ஆளுக்கொரு புதுப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். அதைச் சொல்லிக் கைதட்ட இரண்டு நாட்டு மக்களையும் கரையில் நிறுத்தினார்கள்.

கூட்டங்கள் சந்திக்கிற மதகடியில் மாசாணமும் தவசியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

“உங்க ஆளுக்கு இப்ப எத்தனைய்யா?” என்று கேட்டான் மாசாணம்.

“இருபத்தஞ்சு. உங்களுக்கு?”

“இருபத்திமூணு. நாத்து?”

“கருகிப்போச்சு.”

முரசு அடித்தது. எல்லாரும் பட்டங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். மதகுக் காவலர்களும் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்கள். மாசாணம் தட்டவில்லை. மதகுக்கு எத்தனை அடி என்று கண்ணால் அளந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். தவசியும் கட்டினான்.

மாசாணம் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

“சடுகுடு,” என்றான்.