பெரிய வளையமும் சரிகை வேட்டியும்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி அல்லி, அடுத்த வீட்டு ஐரேனம்மா. ஆக மூன்று பேர். ஐரேனம்மாவின் பூனையும் வந்திருந்தது. ஆனால் அது எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

ஐரேனம்மாவின் கணவர் ஆந்துவான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்சன் வாங்குகிறவர். வருடா வருடம் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினான்கில் விருந்து வைப்பார். இந்த வருடம்தான் முதல்முறையாக என்னையும் அழைத்திருந்தார். அதே நாளில் திருவேட்டக்குடியில் என் மச்சான் பூமிநாதன் மகளுக்குக் காதுகுத்து. ஆந்துவான் வீட்டில் கோழி கிடைக்கும். மச்சான் வீட்டில் புத்திமதி கிடைக்கும்.

குழந்தையின் சட்டையில் வைத்துத் தைக்க, உள்ளங்கையளவு கட்டத்துணியில் அல்லி கிராஸ் ஸ்டிச் கிளி ஒன்று போட இருந்தாள். "கிளி இல்லாம எங்கண்ணன் வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சபதம் வேறு. கிளி இல்லையென்றால் காதுகுத்தும் இல்லை. துணியை இழுத்துப் பிடிக்கும் சின்ன வளையத்தை ஒளித்துவிட்டேன். எங்கே என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பெட்டியில், விருந்துக்கென்று வைத்திருந்த என் ஒரே சரிகை வேட்டியின் மடிப்புக்குள்.

"என்னங்க, சின்ன வளையத்தப் பாத்தீங்களா?"

"வளையமா? எந்த வளையம்?"

ஐரேனம்மா தன் வளையத்தைக் கொண்டுவந்தார். சோற்றுத் தட்டு அகலம். கிளித்துணி அதன் நடுவில் குளத்தில் விழுந்த இலை மாதிரி கிடந்தது. ஓரம் எட்டவில்லை.

"அடடா, பாவமே" என்றேன். வருத்தமாகத்தான் சொன்னதாக நினைவு.

"அதுக்கென்ன அல்லி" என்றார் ஐரேனம்மா. "பெரிய துணி ஒண்ணு மேல இத வச்சு நாலு ஓரமும் ஓட்டுத்தையல் போடு. வளையம் பெரிய துணியப் புடிச்சுக்கும். பெரிய துணியில கிளிக்கு அடியில வர்றத மட்டும் வெட்டி எடுத்துட்டா ஊசி லேசா எறங்கும்."

அல்லி என்னைப் பார்த்தாள். "பெட்டியிலேருந்து ஒரு துணி எடுத்துக்கட்டாங்க? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

இதெல்லாம் ஆகிற காரியமா என்று நினைத்தேன். தாராளமானேன். "ஒன் வீடு, ஒன் பெட்டி. எது வேணுமோ எடுத்துக்க."

"ஐரேனக்கா, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டேன், கேட்டேன். பூனையும் கேட்டுச்சு."

உள்ளே பெட்டி திறக்கும் சத்தம். அப்போதுதான் வளையம் ஞாபகம் வந்தது. ஆனால் அல்லி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளையாக எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இங்க வெளிச்சம் போதல" என்று ஐரேனம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பித்தேன்.

கிளி முடிந்தது. முடிந்தால் என்ன? பதினான்காம் தேதி காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

"எனக்கு முடியல அல்லி. நீ மட்டும் போயிட்டு வா."

"சரிங்க. நல்லாப் படுத்திருங்க."

இவ்வளவு சுலபமா! அவள் தெருவில் இறங்கியதும் பெட்டிக்குப் பாய்ந்தேன். வேட்டியை உதறினேன். நட்டநடுவில் கிளியளவுக்கு வெட்டிய ஒரு ஜன்னல். அதைச் சுற்றி என் சின்ன வளையம், கச்சிதமாக, இறுக்கமாக.

வாசலில் குரல். அவள் போகவே இல்லை.

"இடுப்பு வலி விட்டுருச்சா? வளையமும் கெடைச்சிருச்சா? நல்லதாப்போச்சு. கட்டியிருக்கிற வேட்டியோடயே வாங்க. எங்கண்ணன் ஒண்ணும் நெனைக்காது."

தையல் வளையம் இரண்டு. கிளி ஒன்று. விருந்துக்குக் கட்ட மிச்சமிருந்த வேட்டி, பூஜ்யம்.