ரேவதி என்று எழுதிய தர்பூசணி

வீட்டுத் தோட்டத்தில் தர்பூசணி வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. பழத்தை வெட்டுவார்கள், ஒரு துண்டைக் கடிப்பார்கள், கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வெட்டிய பிறகு என்னவெல்லாம் நடக்கலாம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, விதை போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தேன். இன்னும் அதேதான் பிழைப்பு. பைக் நம்பர் பிளேட், ஆட்டோவின் பின்கண்ணாடி, கல்யாணக் காரின் முகப்பு என்று எதிலாவது யாருடைய பெயரையாவது வெட்டி ஒட்டுவேன். நாள் முழுக்க அடுத்தவன் காதலியின் பெயரை அளவெடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, அன்பு என்றால் பெயரை எழுதுவதுதான் என்று புத்தியில் ஏறிவிட்டது. (எங்கள் ஊருக்கே அந்த வியாதி உண்டு. கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். கட்டின ராஜாவின் பெயரைத் தேட வேண்டும், பார்க்கப் போன ராஜேஷின் பெயர் சுவரெல்லாம் இருக்கும்.)

வல்லத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சித்தப்பா ஜாதகம் கொண்டுவந்தார். பொருந்தியது, போய்ப் பார்த்தோம். பெயர் ரேவதி. காபி கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்தாள். கடையிலிருந்து அப்படியே கிளம்பிப் போயிருந்ததால் பையில் ஸ்கேலும் கட்டர் பிளேடும் துருத்திக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷமே மனசுக்குள் கல்யாணம் முடிந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது.

பெரியவர்கள் போனில் பேசிக்கொள்ள அனுமதித்தார்கள். அடுத்து பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும், பிறகு தட்டு மாற்றி நிச்சயம். ஆனால் அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. அது முடிந்ததும் மல்லாட்டை பிடுங்கும் வேலை வந்தது (நீங்கள் நிலக்கடலை என்பீர்கள்). தேதி சித்திரைக்குப் போய்விட்டது. காத்திருந்த அந்த நாட்களில், தனக்குத் தர்பூசணி என்றால் உயிர் என்று ஒருநாள் ரேவதி சொன்னாள். வேறொருவனாக இருந்தால் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டு வல்லத்துக்கு பஸ் ஏறியிருப்பான்.

நான் வாங்கித் தின்றுவிட்டு விதையை எடுத்தேன். கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைகட்டினேன். சிங்கவரம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. பாத்ரூம் தண்ணீர் ஓடுகிற பக்கமாகக் குழி வெட்டி, எரு போட்டு ஊன்றினேன். கொடி கிளம்பிப் பூத்தது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. வீடியோவைப் பார்த்தால் அத்தனையும் ஆண் பூவாம். பெண் பூ வந்ததும் ஆண் பூவைப் பறித்து அதன்மேல் நாமே தடவிவிட வேண்டுமாம். தடவினேன். காலையில் என்ன செய்தீர்கள் என்று ரேவதி கேட்டபோது இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், செடிக்கு மருந்து அடித்தேன் என்று மழுப்பினேன்.

இரண்டு பிஞ்சுகள் நின்றன. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தக் கொடியை முஷ்டியை மடக்கித்தான் காட்டினோம். விரல் நீட்டவே பயப்படுகிற அந்த வீட்டில், ஒருத்தருக்கும் தெரியாமல் நான் போய்க் குண்டூசியால் பெயர் கீறினேன். ஒன்றில் ரேவதி. இன்னொன்றில் என் பெயர், குமார். பிஞ்சின் தோலில் லேசாகக் கீறிவிட்டால், கீறல் காய்ந்து தழும்பாகி, பழத்தோடு சேர்ந்து எழுத்தும் பெருக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக நான் எதையும் எழுதியதில்லை. அவளிடம் சொல்லவில்லை. அவள் வீட்டார் வந்து பார்த்து அசந்து, திரும்பிப் போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஆசை.

பழுக்கிற சமயத்தில் மலையிலிருந்து குரங்குகள் வந்தன. பழைய புடவையால் மூடி, மேலே பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கல் வைத்திருந்தேன். ஒரு கூடையைத் தள்ளிவிட்டு, குமார் என்று எழுதியிருந்ததைத் தின்றுவிட்டுப் போய்விட்டன. ரேவதி தப்பித்தாள். எனக்கு அதிலும் சந்தோஷம். என்னை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவைத்தானே ஆஞ்சநேயர் என்று சாமி படத்துக்கு முன்னால் சூடம் வேறு ஏற்றினேன்.

சித்திரையில் குறித்த ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரக்கூடாது, அதனால் ரேவதி வரவில்லை. அவளுடைய அப்பா, தம்பி, மாமன் மச்சான்கள், எல்லோருக்கும் மேலே அவளுடைய அத்தை. வல்லத்தில் அந்த அம்மாள் தலையாட்டினால்தான் அந்த வீட்டில் உலையே வைப்பார்களாம். நிச்சயம் ஆகும்வரை சம்பந்தி வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது வழக்கம். சாப்பாடு கிடையாது. பழம் சாப்பாடு இல்லையே என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

பேச்செல்லாம் நல்லபடியாகவே போனது. அத்தை அடுப்படியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். தேதி குறித்துவிடலாம் என்று அவர் வாயாலேயே சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். நான் தோட்டத்துக்கு ஓடி, பழத்தைப் பறித்துக் கழுவி, நல்ல காரியமாயிற்றே என்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் கத்தியோடு எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். எழுத்தெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்து ரேவதி என்று பளிச்சென்று இருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பெயர்மேல் படாமல் ஓரமாக நறுக்கி, பெயர் இருக்கிற பகுதியை மட்டும் முழுசாக அவளுக்குக் கொடுத்தனுப்புவதுதான் திட்டம். நன்றாகப் பழுத்த தர்பூசணி நாம் சொன்ன இடத்தில் பிளக்காது என்பதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. கத்தி முனை இறங்கியதும் படாரென்று ஒரு சத்தம். விரிசல் நேராக ஓடி, அவள் பெயரின் நடுவே புகுந்து, பழம் இரண்டாக விழுந்தது. சிவப்புச் சாறு குங்குமத்தையும் கரைத்துக்கொண்டு தாம்பாளத்திலிருந்து வழிந்து தரைக்கு வந்தது.

அத்தை எழுந்து நின்றார்.

"இன்னாப்பா இது? எங்க பொண்ணு பேரை எழுதி, பொட்டு வெச்சி, நடுவுல கத்தியப் போடுறியே. யாருக்கு இன்னா பண்ணப் பாக்குற?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எலுமிச்சம்பழத்திலும் பூசணிக்காயிலும் பெயர் எழுதி அறுக்கிற கதைகளைக் கேட்டே வளர்ந்தவன்தான் நானும். ஆனால் தர்பூசணியை அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தேகத்தைப் போக்குவதாக நினைத்து, பிஞ்சிலேயே எழுதிவிட்டேன், அவள் பெயர் இத்தனை நாளும் பழத்தோடு சேர்ந்து வளர்ந்தது என்று விளக்கினேன்.

"அப்ப மாசக்கணக்கா செஞ்சிருக்க" என்றார் அத்தை.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா உதவிக்கு வந்தார். (எங்கள் நைனா உதவிக்கு வந்து உருப்பட்ட காரியம் எதுவும் எங்கள் குடும்பத்தில் கிடையாது.) "பையன் பேரும் எழுதியிருந்தான்மா. அதைக் கொரங்கு தின்னுட்டுது" என்றார். ரேவதியின் தம்பி மட்டும் சிரித்துவிட்டான். அவனை அத்தை பார்த்த பார்வையில் அவன் எழுந்து வேனுக்குப் போய்விட்டான். ரேவதியின் அப்பா கைகூப்பி, சொல்லி அனுப்புகிறோம் என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாண வயசில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். வேன் உடனே கிளம்பவில்லை. எங்கள் தெரு முனைக் கடையிலேயே எலுமிச்சம்பழம் வாங்கி, வேனுக்குச் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுப் போனார்கள். தெருவே நின்று பார்த்தது.

பழத்தை யாரும் தொடவில்லை. என் அக்கா மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, சர்க்கரைடா என்று அழுதாள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடப் போனால், மாட்டுக்காரர் கொட்டகைப் படலைச் சாத்திவிட்டார். கடைசியில் கொடியின் அடியிலேயே புதைத்தேன்.

ரேவதி போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"நான் அதெல்லாம் நம்பறவ இல்லீங்க" என்றாள். "ஆனா கல்யாணம் ஆயி எனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட அந்தப் பழத்தைத்தான் சொல்லுவாங்க. கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தா அதைத்தான் சொல்லுவாங்க. ஆயுசுக்கும் என்னால அதைக் கேட்டுக்கினு இருக்க முடியாது."

நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். ஒரு தப்பும் இல்லை என்றாள்.

"அழகா எழுதியிருந்தீங்களாம். தம்பி சொன்னான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கடையில் ஸ்டிக்கர் ரோல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வெளியே கல்யாணக் காரோடு ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரையும் அவன் பெண்டாட்டி பெயரையும் வெட்டி, நடுவில் ஒரு இதயத்தையும் வைத்து ஒட்டி அனுப்பினேன். அந்த அத்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. ரேவதிக்கு அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு செஞ்சியைச் சுற்றி எனக்குப் பெண் கிடைக்கவில்லை. தொண்டூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து, எல்லாம் பேசி முடித்துவிட்டு, கிளம்பும்போது, மாப்பிள்ளை எதுனா எழுதுவாராமே என்று இழுத்தார்கள். அம்மா தரகரை மாற்றினார், கோயிலை மாற்றினார், என் முன்வழுக்கை மட்டும் மாறாமல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் இந்தக் கதை இன்னும் எட்டாத போளூர்ப் பக்கத்திலிருந்து செல்வியைக் கட்டிவைத்தார்கள். கல்யாணம் ஆன வாரமே அக்கா அவளை உட்காரவைத்து, நைனாவின் குரங்கு வசனம்வரை ஒன்று விடாமல் நடித்துக் காட்டிவிட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸி ரிப்பேரானாலும், பால் திரிந்தாலும், ஸ்கூட்டர் பஞ்சரானாலும் செல்வி இடுப்பில் கைவைத்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "எந்தப் பழத்துல என் பேரை எழுதுனீங்க?" அம்மா சிரிப்பார், நைனா சிரிப்பார், வந்த விருந்தாளிகள் கதையைக் கேட்டு வாங்கிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன கோடையில் ஒரு நாள் காலை வீட்டில் நானும் செல்வியும்தான் இருந்தோம். சாதம் கட்டிக்கொண்டிருந்தவள், டிபன் பாக்ஸ் மூடி சரியாகப் பொருந்தாமல் போகவே, வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டாள். சிரிக்க ஆள் இல்லாததால் அவளும் சிரிக்கவில்லை. மூடியை அழுத்திக்கொண்டே, "நெசமாவே ஒரு தடவகூட எழுதணும்னு தோணலையா?" என்றாள்.

கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.