மாப்பிள்ளை அழைப்புக்கு யார் கார்?

வண்ணார்பேட்டை,
12.7.1997

மாமா அவர்களுக்கு, இரண்டாவது மருமகன் கோமதிசங்கர் விழுந்து வணங்கி எழுதுவது. இங்கே நானும் பிருந்தாவும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் கல்யாணப் பெண்ணும் சுகமாக இருக்கப் பாபநாசநாதர் துணை நிற்கட்டும்.

ஆவணியில் மதுமதி கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக் காராக என் சகலை தில்லைநாயகத்தின் காரையே வைத்துக்கொள்வது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதாகப் பிருந்தா சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்பீர்கள். பொறாமைதான், ஒளிப்பானேன்? நான் முதலில் பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடிப்பதற்குள் அவர் டீசல் கார் வாங்கினார். "பெட்ரோலக் குடிக்குத வண்டிய வச்சிக்கிட்டு என்ன சகல செய்யப் போறிய?" என்று உங்கள் முன்னாலேயே கேட்டார், நீங்களும் சிரித்தீர்கள். ரோஷத்தில் நானும் டீசலுக்கு மாறினேன். அது கிளம்பினால் எதிர்வீட்டுக் குழந்தை விழித்து அழும். அதற்குள் அவர் டீசலைத் தள்ளிவிட்டு, பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் காருக்குப் போய்விட்டார். டிக்கியில் சமையல் சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச். "இப்பம் கேஸு. இப்பம் பெட்ரோலு. வித்தியாசம் தெரியுதா வே?" என்று ஜங்ஷன் வரை தட்டித் தட்டிக் காட்டினார். எனக்கு வயிற்றில் தெரிந்தது.

அந்தச் சிலிண்டர்கள் எங்கிருந்து வந்தன? அவர் பெயரில் ஒன்று, பிருந்தாவின் அக்கா பெயரில் ஒன்று, செத்துப்போன அவர் அப்பா பெயரில் ஒன்று. எங்கள் தெருவில் துணி தேய்க்கும் முத்துமாலையின் பெண்டாட்டி கேஸுக்கு எழுதிப்போட்டு நான்கு வருடமாகிறது, இன்னும் ஈர விறகை ஊதிக் கண் பழுத்துக் கிடக்கிறாள். செத்தவருக்கு வந்துவிடுகிறது, உயிரோடு இருப்பவளுக்கு வரவில்லை. இந்த அநியாயத்தைப் பார்த்து ரத்தம் கொதித்த நான், மறுவாரமே என் காரை விற்று அதே மாதிரி கேஸ் கார் வாங்கினேன்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கனெக்ஷன். காலையில் சிலிண்டர் அடுக்களையில் இருக்கும், பிறகு காருக்குப் போகும். "இட்லி வேகுததுக்கு முன்ன அத எங்க தூக்கிட்டுப் போறிய?" என்று பிருந்தா தினமும் கத்துவாள். போன மாதம் மாப்பிள்ளையின் அப்பா, சம்பந்தி கார்த்திகேசனை உங்களிடம் அழைத்து வரக் கிளம்பிய அன்று, அவள் கத்துவதற்கு முன்பே வாசலில் நின்ற சிலிண்டரைத் தூக்கி வைத்துவிட்டேன். அது ஏஜென்சிக்காரனுக்காக அவள் எடுத்து வைத்திருந்த காலி. மிச்சம் மீதி கேஸில் வீரவநல்லூர் வரை வந்து கார் நின்றது. சுவிட்சைப் பெட்ரோலுக்குத் தட்டினேன். கேஸ் இருக்கும்போது எவன் பெட்ரோல் போடுவான்? அதுவும் காலி. வெயிலில் சம்பந்தி இறங்கித் தள்ளினார். பின்னாலேயே சகலை வந்தார். "என்ன சகல, சம்பந்திய வச்சா வண்டி ஓட்டுதிய?" என்று கேட்டுவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் முடிவு செய்தது அந்த ஒரு நாளை வைத்துத்தானே?

இப்போது நான் திருந்திவிட்டேன். சிலிண்டர் அடுக்களைக்கே திரும்பிவிட்டது, என் கார் சுத்தப் பெட்ரோல். நீங்களே யோசியுங்கள். மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் வாணவேடிக்கை. மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர். ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும்? ஊரார் அடுப்பில் எரிய வேண்டியதைத் திருடி ஓடும் காரில் உங்கள் மாப்பிள்ளை ஏறலாமா? என் காரில் வரட்டும். அத்தைக்கு என் வணக்கம், மதுமதிக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கோமதிசங்கர்

பி.கு.: உறையை ஒட்டும்போது சகலை வந்தார். டீசலுக்கே திரும்பப் போகிறாராம். "சிலிண்டரத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு சகல. இந்த வண்டிய நீங்களே எடுத்துக்கிடுங்க. அப்பா பேர்ல உள்ள சிலிண்டரையும் சேத்துத் தாரேன்" என்றார். எடுத்துக்கொண்டேன். ஆகவே உங்கள் முடிவு சரியானதே. மாப்பிள்ளை அந்தக் காரிலேயே வரட்டும், நான் ஓட்டுகிறேன். அவருடைய டீசல் கார் கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிடுமா என்று அக்காவிடம் பைய விசாரித்து எழுதுங்கள். வாணவேடிக்கையை மட்டும் நிறுத்திவிடுங்கள்.