ஒரு மணி அழுகை

யசோதரனுக்கு இடுப்புக்குப் பின்னால் நாரி முறிந்துகொண்டிருந்தது. அது புதிதல்ல. முருங்கன் நெல் ஆலையில் பன்னிரண்டு வருஷமாக மூட்டை சுமக்கிறவனுக்கு நாரி நோகாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். புதிய கரைச்சல் கண்ணில் இருந்தது. இமை இரண்டும் நனைந்த சாக்குப்போலக் கனத்தன. லொறிக்குச் சாத்தியிருந்த பலகையில் அறுபத்தைந்து கிலோ மூட்டையோடு ஏறியவன், பாதிப் பலகையில் நின்றபடியே நித்திரையாகிப் போனான்.

மூட்டை விழுந்த சத்தத்தில்தான் விழித்தான். சாக்கு வெடித்து, நெல் மனேச்சர் நஸாரின் செருப்பு வரைக்கும் பரவியிருந்தது.

"நிண்டுகொண்டு படுக்கிறது மன்னார்க் கழுதை. மனிசர் பாயில படுக்கிறது," என்றார் நஸார்.

"பிள்ளை படுக்க விடுகுதில்லை, நானா."

"பிள்ளைக்கு ஏழு மாசம். உனக்கு முப்பத்தி நாலு வயசு. ஆர் ஆரைப் படுக்க வைக்கிறது?"

யசோதரன் குந்தியிருந்து நெல்லை அள்ளினான்.

"கேள் யசோ. அறுவடை முடிய இன்னும் ஒரு மாசம் கிடக்கு. இன்னொரு மூட்டை விழுந்தா உன்னைப் பலகையில ஏத்தமாட்டன். விளக்குமாறைத் தருவன், முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நில்."

அந்த ஆலையில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிக் காட்டிய ஒரே ஆள் யசோதரன். அவன் கையில் விளக்குமாறு என்றால் பெரியமடுவில் இருக்கும் அவனுடைய அண்ணன்மார் சிரித்தே செத்துப்போவார்கள்.

பிறந்து ஆறு மாசம் வரைக்கும் தக்சிகா பக்கத்தில் வெடி கொளுத்தினாலும் எழும்பாத பிள்ளை. அறுவடை தொடங்கி, யசோதரன் விடிய ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு வரத் தொடங்கியதோடு எல்லாம் மாறிப்போயிற்று. இரண்டு கிழமையாக, இரவு ஒரு மணியென்றால் அழுகை. மணிக்கூடு பிந்தினாலும் அவள் பிந்தமாட்டாள். மற்ற ஆண்கள் என்னென்னவோ நினைத்து ஏங்குவார்கள். யசோதரன் ஏங்கியது சொந்த வீட்டுப் பாய்க்காக. அதில் விடியுமட்டும் ஒரே பக்கமாகக் கிடப்பதற்காக.

கிளினிக்கில் குடும்பநல மாது கிருஷாந்தினியிடம் வழி கேட்டான்.

"ஒரே நேரத்தில பிள்ளையைக் குளிப்பாட்டுங்கோ. வயிறு நிறையப் பால் குடுத்து, இருட்டறையில போடுங்கோ. ராவில எழும்பினா லைற் போடாதேங்கோ, உடன தூக்கவும் வேண்டாம்."

மூட்டை தூக்குகிறவனுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. யன்னல், கதவு நீக்கல், கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து என்று எல்லாவற்றையும் யூரியாப் பசளைப் பையால் மூடி ஆணி அடித்தான். அறை குகை மாதிரி இருண்டது. வெதுப்பகம் மாதிரிக் கொதித்தது.

ஒரு மணிக்குத் தக்சிகா அழுதாள். யசோதரன் எழும்பினான், அலுமாரியில் நெற்றியை இடித்தான், தடவித் தடவிப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு ஆட்டினான். அழுகை நின்றுவிட்டது. பத்து நிமிஷம் ஆட்டியிருப்பான்.

"என்னங்க," என்று இருட்டுக்குள் சுபத்திராவின் குரல் கேட்டது. "பாப்பா என் மடியில இருக்கு. நீங்க தலகாணியத் தாலாட்டிக்கிட்டு இருக்கீங்க."

சுபத்திரா தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். ஊர் திரும்பி மூன்று வருஷம், கலியாணம் முடித்து ஒன்றரை வருஷம் ஆகியும் அவளுடைய நாக்கு இன்னும் கடல் தாண்டவில்லை.

வெக்கை தாங்காமல் இரண்டு பேரும் வெளியே வந்து வாசற்படியில் இருந்தார்கள். காற்று வந்தது. நஸாரின் செருப்புக்குள் நெல் போன கதையை யசோதரன் சொன்னான். சுபத்திரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளை அவன் தோளில் நித்திரையாகிவிட்டது. வழி சரிவந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

அடுத்த நாள் தக்சிகா ஒரு மணிக்கும் எழும்பினாள், மூன்று மணிக்கும் எழும்பினாள்.

பிறகு கயிறு. பிள்ளையின் ஏணைத் தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன் கால் பெருவிரலில் கட்டினான். படுத்த படுக்கையிலேயே ஆட்டலாம் அல்லவா. ஒரு மணிக்கு அழுகை கேட்டதும் கயிற்றை மறந்து துள்ளி எழும்பினான். நல்ல காலம், பிள்ளை அப்போது சுபத்திராவின் கையில் இருந்தது. வெறும் ஏணை பறந்து வந்து அவன் பிடரியில் அடிக்க, அவன் குப்புற விழுந்தான். சுபத்திரா விரலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, முகாமில் ஆட்களை எண்ணுகிற நாளில் தன் தகப்பன் நித்திரைக் கண்ணோடு அடுத்த குடும்பத்து வரிசையில் போய் நின்ற கதையைச் சொன்னாள்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னா..." என்று அவள் தொடங்க, யசோதரன் குறட்டை விட்டான்.

அவன் குறட்டை விட்ட மறுநாள் தக்சிகா மூன்று தரம் எழும்பினாள்.

"ஒரே மாதிரிச் சத்தம் ஓடவேணும் மச்சான்," என்றான் அவனோடு மூட்டை தூக்கும் றொட்னி. "என்ர மூத்தவன் தண்ணிப் பம்ப் சத்தத்திலதான் படுத்தவன். உனக்குச் சத்தத்துக்கா பஞ்சம்? மில் ஓடேக்க போனில பிடிச்சுக்கொண்டு போ."

பிடித்துக்கொண்டு போனான். இரவு ஒரு மணிக்கு அழுகை, உடனே போனில் ஆலைச் சத்தம். தக்சிகா இரண்டு நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டாள். மறுபடி பாயில் விழுந்த யசோதரனுடைய உடம்புக்குத்தான் அந்தச் சத்தம் வேறு விதமாகக் கேட்டது. உடம்பு தன்பாட்டில் எழும்பியது. மூலையில் இருந்த இருபத்தைந்து கிலோ அரிசிப் பையை ஒரே மூச்சில் தோளில் ஏற்றிக்கொண்டு சுபத்திராவுக்கு முன்னால் போய் நின்றது.

"நானா, எந்த லொறி?"

சுபத்திரா அவனை ஒரு கணம் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக் குரலைத் தடிப்பாக்கினாள்.

"பின்னாடி நிக்கிற லொறிப்பா."

அவன் அரிசிப் பையைத் தன் பாயில் பக்குவமாக இறக்கினான். விடியும்போது அதைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான்.

"நான் ராத்திரி என்ன செய்தனான்?"

"நீங்க உக்காருங்க, சொல்றேன்," என்றாள் சுபத்திரா ஆசையோடு.

"நேரம் போச்சு," என்று சொல்லி அவன் சைக்கிளை எடுத்தான்.

அதற்குப் பிறகு எத்தனை தரம் எழும்பினாள் என்று எண்ணுவதையே யசோதரன் விட்டுவிட்டான். ஆலையில் இன்னொரு மூட்டை தோளிலிருந்து நழுவப் பார்த்தது. றொட்னி தாங்கிப் பிடித்ததால் நஸாரின் கண்ணில் படவில்லை.

அன்று பின்னேரம் ஆலை வாசலில் ஸ்கூட்டியை நிற்பாட்டி, கிருஷாந்தினி அவனைக் கூப்பிட்டாள்.

"நேற்று உங்கட வீட்டை போனனான். பிள்ளையின்ர நிறையும் பாத்தன். ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளை ஒரேயடியா ஆறு ஏழு மணித்தியாலம் படுக்க வேணும். ஏன் எழும்புதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

"எனக்கும் அதுதான் மிஸ்."

"வீட்டில சண்டை சச்சரவு எண்டாலும் பிள்ளையள் எழும்புங்கள். கேக்கவும் வேணும்தானே, கேட்டன். உங்கட மனிசி சொன்னா, அவர் பேசவே மாட்டாராம். சொல்லேக்க அவவுக்குக் கண் கலங்கிப் போச்சு. இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மனிசன் கிடைக்க வேணுமே."

யசோதரனுக்கு நாரி நோ பறந்துவிட்டது. திரும்பிப் போய் றொட்னியிடம் சொன்னான், லொறிச் சாரதியிடம் சொன்னான், கடைசியில் நஸாரிடமும் சொன்னான்.

"நான் வீட்டில ரெண்டு நேரமும் பேச்சு வாங்கிறன்," என்றான் றொட்னி. "நீ ஒருக்காக்கூடக் குடுத்ததில்லையே?"

"இவன் பிள்ளைப்பூச்சி," என்றார் நஸார். "ஆரைப் பேசப்போறான்?"

ஒரு நாளும் ஏசாத புருஷன் என்று கண் கலங்குகிற மனிசிக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது அவனுக்கு. சேலை வாங்கலாம். ஆனால் உலகத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய பொருள் எது என்று இரண்டு கிழமைக்கு மேலாக அவனுக்குத் தெரிந்திருந்தது. முழு இரவு நித்திரை. அதை அவளுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தான்.

"நாளைக்கு மில் லீவு. இண்டைக்கு நீ மேரி ரோஸ் அக்கா வீட்டில போய்ப் படு," என்றான். "பிள்ளையை நான் பாக்கிறன். பசிச்சு அழுதா வேலிக்கு மேலால தூக்கித் தாறன்."

மேரி ரோஸ் அடுத்த வீடு. விடத்தல்தீவிலிருந்து கருவாடு எடுத்து வந்து விற்கிறவள். சுபத்திரா இருந்த அதே முகாமில் இருபது வருஷம் இருந்தவள்.

சுபத்திராவின் முகம் விழுந்துபோயிற்று. "வேணாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"நீயும் நித்திரை கொள்ள வேணுமெல்லே?"

"எனக்குத் தூக்கம் வேணாம்."

"விசர்க்கதை கதையாதை. போ."

போனாள். வேலியடியில் நின்று மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைப் பிரிகிற கவலை என்று யசோதரன் நினைத்தான்.

பசளைப் பைகளைக் கழற்றினான். பிள்ளையை ஏணையில் போட்டான். போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தான். ஒரு மணிக்கு அவன்தான் எழும்பினான். தக்சிகா எழும்பவில்லை. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான், மூச்சு வந்தது. ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பிள்ளை அசையவில்லை.

இப்போது படுக்கலாம். இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த நித்திரை பாயில் விரித்துக் கிடந்தது. ஆனால் அவனுக்குக் கண் மூடவில்லை. பக்கத்துப் பாய் வெறுமையாகக் கிடந்தது. வீடு சத்தமில்லாமல் இருந்தது. லொறிச் சாரதி தன்னுடைய பைக்குப் பதிலாக நஸாரின் சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு அனுராதபுரம் போன கதை அன்று பகல்தான் நடந்தது. அதைச் சொல்ல ஆளில்லை. பாதிக் கதையை ஏணையிடம் சொன்னான். பிறகு, இந்த இடத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டுமே என்று நினைத்து நிறுத்திக்கொண்டான்.

தக்சிகா ஆறரை மணிக்குச் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்பினாள்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வேலியைப் பிரித்திருந்த பொட்டுக்குள்ளால் ஓடினான். மேரி ரோஸ் வாசலில் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிள்ளை விடியுமட்டும் ஒரே படுக்கை. ஒருக்காக்கூட எழும்பேல்லை. சுபத்திரா எங்க?"

"சத்தம் போடாத. இப்பதான் கண்ணயர்ந்தவள். அஞ்சு மணி மட்டும் வாய் மூடேல்லை. என்ர காது புளிச்சுப்போச்சு."

"படுக்கச் சொல்லியெல்லே விட்டனான். என்ன கதை அப்பிடி?"

"எல்லாம் உன்ர கதைதான்."

யசோதரனுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. "ஓம் அக்கா, குடும்பநல மிஸ்ஸுக்கும் சொன்னவளாம். நான் பேசவே மாட்டன் எண்டு."

மேரி ரோஸ் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட விசரா, அங்க இந்தியாவில பேசிறதெண்டா ஏசிறதில்லை, கதைக்கிறது, விடியுமட்டும் படுக்கிற பிள்ளையை ஒரு மணிக்கு அவள்தான் தட்டி எழுப்புறவள், அப்பவாவது நீ வாய் திறப்பாய் எண்டு, அறுவடை தொடங்கி இருபத்தாறு நாள், இருபத்தாறு நாள் கதை நீ அவளுக்குக் கடன்."